துணை முதல்வர் பதவி கட்சியை இணைக்குமா? வங்கமும் தமிழகமும் தரும் பாடம்

கொல்கத்தா: சேலைக் கடைகளுக்கும் நடைபாதை வணிகத்துக்கும் பெயர் பெற்ற கரியாஹாட்டிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது பாம் அவென்யு. மேற்கு வங்க முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா, 2024 ஆகஸ்ட் 8-ம் தேதி காலமாகும் வரை, அங்குள்ள சிறிய அரசுக் குடியிருப்பில்தான் வாழ்ந்தார். கட்சிக்குள் பூசல் மூளும்போது இரண்டாம் இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு அவரது அரசியல் வாழ்க்கை ஒரு விடை.

அமெரிக்காவில் 1960-ல் ஜான் கென்னடி, தென் மாநிலத்தவரைத் தம் பக்கம் நிறுத்த டெக்சாஸின் லிண்டன் ஜான்சனைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார். இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லை. துணை முதல்வர் பதவியை அரசியல் சாசனம் குறிப்பிடவில்லை. எனினும், அது சாசனத்துக்கு முரணானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. அதிகாரத்தில் பிற அமைச்சர்களுக்குச் சமமான இப்பதவியின் மதிப்பு, பெரும்பாலும் கட்சிக்குள்தான்.

மோதலும் சமரசமும்

1977 முதல் முதல்வராக இருந்த ஜோதி பாசுவைப் பிரதமராக்க 1996-ல் மார்க்சிஸ்ட் மத்தியக் குழு மறுத்தது. அதை "வரலாற்றுப் பிழை" என்றார் பாசு. 1998-ல் உதயமான திரிணமூல் காங்கிரஸ் வெளியிலிருந்து நெருக்கியது. சைபுதீன் சௌத்ரி, அமைச்சர் சுபாஷ் சக்கரவர்த்தி ஆகியோரின் அதிருப்தி உள்ளிருந்து நெருக்கியது. 1996 நவம்பரில் கரியாஹாட் உள்ளிட்ட இடங்களில் நடைபாதைக் கடைகளை அகற்றிய "ஆபரேஷன் சன்ஷைன்" நடவடிக்கையில் முன்னின்றவர் சக்கரவர்த்தி.

இச்சூழலில் 1999-ல் துணை முதல்வராக்கப்பட்டவர் புத்ததேவ். 1993-ல் கருத்து வேறுபாட்டால் பாசுவின் அமைச்சரவையிலிருந்தே விலகி, பின்னர் திரும்பியவர் அவர். 2000 நவம்பர் 6-ம் தேதி பாசு விலக, புத்ததேவ் முதல்வரானார். சௌத்ரி வெளியேறித் தனிக்கட்சி கண்டார். சக்கரவர்த்தியோ அமைச்சராகவே தொடர்ந்தார். 294 தொகுதிகளில் இடது முன்னணி 2001-ல் 199 இடங்களையும், 2006-ல் 235 இடங்களையும் வென்றது.

தமிழக அனுபவம்

தமிழகத்தில் 2017 ஆகஸ்ட் 21-ம் தேதி அதிமுகவின் இரு அணிகள் இணைந்தபோது, ஓ. பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். அவர் ஒருங்கிணைப்பாளர், முதல்வர் எடப்பாடி பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர் எனக் கட்சிப் பதவிகளும் பகிரப்பட்டன. நான்கு ஆண்டுகள் ஆட்சி நிலைத்தது. ஆனால், 2021-ல் ஆட்சி போனதும் ஒற்றைத் தலைமைப் பிரச்னை வெடித்தது. 2022 ஜூலை 11-ம் தேதி கூடிய பொதுக்குழு பன்னீர்செல்வத்தை நீக்கியது.

வங்கத்தில் துணைப் பதவி, அடுத்த தலைவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தது. தமிழகத்தில் அம்முடிவை அது தள்ளிவைத்தது.

எனினும், வங்கத்திலும் அடுத்த தலைவர் யார் என்பது தீர்ந்ததே தவிர, பாதை எது என்பது தீரவில்லை. சிங்கூர், நந்திகிராம் நிலப் பிரச்னைகளில் முன்னணியின் தோழமைக் கட்சிகளே அரசைக் குறைகூறின. 2011-ல் ஆட்சியோடு, ஜாதவ்பூரில் தமது தொகுதியையும் புத்ததேவ் இழந்தார்.