கடல் கடந்து வரும் பச்சோந்திகள்: பராமரிப்பும் தர்மமும்

1972-ஆம் ஆண்டில், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஒஆஹுவில், செல்லப் பிராணிகளை விற்கும் வியாபாரி ஒருவர், கென்யா தேசத்திலிருந்து சில டஜன் ஜாக்ஸன் பச்சோந்திகளை அனுமதி பெற்று வரவழைத்தார். ஆணுக்கு முகத்தில் மூன்று கொம்புகள் வாய்த்த அந்த அபூர்வப் பிராணிகள், நெடும் பிரயாணத்தினால் உடலில் நீர் வற்றி மெலிந்து வந்து சேர்ந்தமையால், அவை தேறி எழட்டும் என்ற எண்ணத்தோடு அவர் தம் வீட்டுத் தோட்டத்துச் செடிகளிலே அவற்றை விட்டுவைத்தார். அவை தேறின, தேறியதோடு நில்லாமல் தோட்டத்தைக் கடந்து பரவி, குட்டி ஈன்று பெருகி, வேறு தீவுகளிலும் குடியேறி, ஹவாய்க்கே உரிய பூச்சிகளையும் மர நத்தைகளையும் தின்னும் பகையாக மாறின. தீங்கு விளைவிக்கும் உயிரினம் என்று இன்று அத்தீவுகளின் சட்டமே அவற்றைக் குறிக்கிறது.

இச்சம்பவத்தில் நாம் சிந்திக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. வந்திறங்கிய பச்சோந்தியை எவ்விதம் காப்பாற்றுவது என்பது ஒன்று. அதை வரவழைத்ததே நியாயமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே பேசுவது வழக்கமாயினும், முதற்கேள்விக்கு விடை தேடப் புகுந்தவன் இரண்டாவதைத் தவிர்க்க இயலாது என்பதே என் அபிப்பிராயம்.

காடும் கூண்டும்

உலகில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றுள் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன; எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கு உரியவை; இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக ஓரினம் உண்டு. ஒரே மலைத்தொடரில், சில வேளைகளில் ஒரே காட்டுத் துண்டில் மட்டும் வாழும் இனங்களும் பல. மலாவியின் தென்கோடியிலுள்ள குன்றுகளில் 1992-இல் விவரிக்கப்பட்ட சாப்மன் குட்டைப் பச்சோந்தி, காடு அழிந்தமையால் அற்றுப்போயிற்றோ என்று அஞ்சப்பட்டு, 2016-இல் எஞ்சிய சிறு காட்டுத் துண்டுகளில் மீண்டும் காணப்பட்டது. இப்படிக் குறுகிய இடத்தின் சீதோஷ்ணத்தோடு ஒன்றிப் பழகிய ஜீவன், பிடிப்பவன் கையிலிருந்து சேகரிப்பவனுக்கும், அவனிடமிருந்து ஏற்றுமதி செய்பவனுக்கும், பின்பு விமானத்திற்கும், இறக்குமதியாளரின் கிடங்குக்குமாகக் கைமாறி வருகையில், நாட்கணக்கில் நல்ல நீரும் ஆகாரமும் இன்றியே வருவதுண்டு.

ஆகையால் வந்தவுடன் அதற்குத் தேவை உணவன்று, நீர். பச்சோந்தி கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் நீராகவே அறிவதில்லை. இலைகளில் உருளும் துளிகளை நக்கிக் குடிப்பதே அதன் சுபாவம். ஆதலின் அடர்ந்த செடிகளின்மேல் நுண்துளிகளாக நீரைத் தெளித்தும், சொட்டுச் சொட்டாக ஒழுகவிட்டும், அது தானாகக் குடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். குழிந்த கண்களும், எச்சத்தோடு வரும் வெண்பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறியிருப்பதும் நீர்க்குறைவின் அடையாளங்கள். நீர்ச்சத்து மீண்டபின்னரே சிறு பூச்சிகளைச் சிறிதளவாகக் கொடுக்கத் தொடங்குவது நலம்.

காட்டிலே பிடிபட்ட பச்சோந்தியின் குடலில் புழுக்களும் நுண்ணுயிர் ஒட்டுண்ணிகளும் இருப்பது சாதாரணம். காட்டில் பெருந்தீங்கு செய்யாத அவை, பயத்தினாலும் பட்டினியாலும் சரீரம் தளர்ந்த வேளையில் மிகுந்து உயிரையே குடிக்கும். மலத்தைப் பரிசோதித்து, ஊர்வனவற்றின் வைத்தியம் அறிந்த மருத்துவர் சொல்லும் மருந்தையும் அளவையும் மட்டுமே கையாள வேண்டும். நீர்வற்றிய உடலில் அவசரமாகச் செலுத்தும் புழுமருந்து நோயினும் கொடியதாகலாம். இரண்டு மூன்று மாதங்களேனும் மற்றப் பிராணிகளிடமிருந்து அதைப் பிரித்து வைப்பது அவசியம்.

காற்றோட்டமுள்ள வலைக்கூண்டில், ஒன்றுக்கு ஒரு கூண்டாக, ஒன்றையொன்று காணாதபடி திரையிட்டு வைத்தல் வேண்டும். ஏனெனில் தனிமையே இப்பிராணியின் இயல்பு, அண்டைக் கூண்டுக்காரனைக் காண்பதே அதற்கு ஓயாத போராட்டம். எலும்பு நலிவு வராமலிருக்கப் புற ஊதாக் கதிர் தரும் விளக்கும், பூச்சிகளின்மேல் தூவும் சுண்ணாம்புச் சத்தும் தேவை. மலைக்காட்டு இனங்கள் வெப்பத்தினால் விரைவில் மடிவன; இரவில் அவற்றிற்குக் குளிர்ச்சி இன்றியமையாதது. கருவுற்ற நிலையில் பிடிபட்ட முட்டையிடும் இனத்துப் பெண்ணுக்கு, தோண்டி முட்டையிட ஈர மண் இல்லாவிடில், முட்டை உள்ளேயே தங்கி அது இறக்கவும் கூடும்.

மனம் மாறுகிறவனுக்குப் பச்சோந்தி என்று பெயர் சூட்டுவது நம் வழக்கம். ஆனால் பச்சோந்தியின் நிறம் உண்மையை மறைப்பதைக் காட்டிலும் வெளிப்படுத்துவதே மிகுதி. தோலின் உயிரணுக்களிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளியை மாற்றி அது நிறம் மாறுவதை ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விளக்கினார்கள். கோபமும் அச்சமும் குளிரும் அந்நிறத்திலே எழுதப்படுகின்றன. நாளெல்லாம் கருத்து மங்கி, பகலிலே கண் மூடிக் கிடக்கும் பச்சோந்தி, தன் துன்பத்தைச் சொல்லி நெடுநேரமாயிற்று என்று அறிய வேண்டும். அதனை அடிக்கடி கையிலெடுப்பது அத்துன்பத்தை வளர்ப்பதேயாகும்.

சட்டமும் அதன் எல்லையும்

1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்த ‘சைட்டிஸ்’ என்னும் சர்வதேச உயிரின வர்த்தக உடன்படிக்கையின் கீழ், பெரும்பாலான பச்சோந்திகளை உரிய அனுமதிச் சீட்டின்றித் தேசம் கடத்தலாகாது. மடகாஸ்கரின் இரு பெரும் பச்சோந்திப் பேரினங்களில் நான்கு இனங்கள் நீங்கலாக மற்றவற்றின் வர்த்தகம் 1995-இல் நிறுத்தப்பட்டு, பிற்காலத்தில் சிலவற்றிற்கு மட்டும் சிறு ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. ஆப்பிரிக்கக் குட்டைப் பச்சோந்திகளுக்கோ 2016-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில்தான் இவ்வுடன்படிக்கையின் பாதுகாப்புக் கிட்டியது. நம் இந்தியப் பச்சோந்தியைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. அயல்நாட்டு அரிய பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ளும் கடமையை 2022-ஆம் ஆண்டின் திருத்தம் வகுத்தது.

ஆயினும் அனுமதிச் சீட்டு ஏற்றுமதியின் எண்ணிக்கையைச் சொல்லுமேயன்றி, பெட்டியை அடையுமுன் வழியிலே இறந்தவற்றைச் சொல்லாது. மடகாஸ்கரின் லபோர்ட் பச்சோந்தி முட்டைக்குள் எட்டொன்பது மாதங்களும், வெளியே நான்கைந்து மாதங்களுமே வாழ்வது. அத்தகைய ஜீவனுக்குப் பெட்டியில் கழியும் ஒரு வாரம் எத்தனை பெரிய பங்கு! பார்ஸன் பச்சோந்தியின் முட்டையோ பொரிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகும்; அவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்திலிருந்து எடுத்ததைக் காடு எப்பொழுது ஈடுசெய்யும்?

செய்யத்தக்கது

காட்டிலிருந்து எடுத்து வந்தவற்றைக் கொண்டே சில இனங்கள் கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டன என்றும், காடு அழிந்தால் அவையே எஞ்சும் என்றும் வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை சிறிது உண்டு: ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்தியும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியும் இன்று கூண்டிலேயே ஏராளமாகப் பிறக்கின்றன. ஆனால் அதனாலேயே, சட்டம் அனுமதிக்கும் தேசங்களில் வளர்க்க விரும்புவோர் கூண்டில் பிறந்ததை நாடலாம். காட்டிலிருந்து பிடித்ததை வாங்குவதற்குச் சாக்கில்லை. திட்டமும் பதிவும் பல வளர்ப்பாளர்களின் ஒத்துழைப்பும் இன்றி, வாங்கியவர் ஒவ்வொருவரும் ஒன்றிரண்டை வைத்திருப்பது இனத்தைக் காக்கும் காரியமாகாது.

ஏற்கெனவே வந்துவிட்ட பிராணிக்கு மேற்சொன்ன பராமரிப்பு முழுவதும் கடமையாகும். பராமரிக்க இயலாதவர் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டுமேயன்றி, ஒஆஹுவில் நடந்ததுபோல் தோட்டத்திலோ காட்டிலோ விடலாகாது. இலைத்துளியையும் இரவுக் குளிரையும் தனிமையையும் காடு விலையின்றி அளித்தது. அவற்றை விளக்கினாலும் குழாயினாலும் திரையினாலும் உண்டாக்க முயன்று, இரவெல்லாம் விழித்து ஓர் உயிரைத் தேற்றிய ஒருவன், அடுத்த பெட்டி வந்திறங்கும்போது அதை வாங்க மறுப்பவர்களில் முதல்வனாக நிற்க வேண்டும். ஒன்றை வாங்கிக் காப்பாற்றினால், அதன் இடத்தை நிரப்ப இன்னொன்றைப் பிடிக்க ஆள் காட்டுக்குள் செல்வான் என்பதை அவனே நன்கு அறிவான்.