கேமரன் மலைக்குப் போகிறீர்களா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மாக் மண்டினிலிருந்து வேன் பிடித்துக் கேமரன் மலைக்குக் கிளம்பிவிடுகிறோம். சிம்பாங் பூலாய் வழியே ஏறினால், கீழே வியர்த்துக் கொட்டிய பிள்ளைகள் தானா ராத்தாவில் சுவெட்டர் கேட்கின்றன. 1,400 மீட்டருக்கு மேல் உயரமல்லவா!

பகாங் மாநிலத்து மாவட்டம் இது. 1885-இல் வில்லியம் கேமரன் நிலம் அளக்க வந்ததால் இந்தப் பெயர். அவருக்கு வெகுகாலம் முன்பே ஓராங் அஸ்லி மக்கள் அங்கு வாழ்ந்தார்கள். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே கொழுந்து கிள்ளியவர்களில் நம்மவர் ஏராளம். இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலில் அந்தத் தேயிலைச் சரிவைக் காட்டுங்கள். ஸ்ட்ராபெரி பிறகு இருக்கட்டும்.

பிரிஞ்சாங் மலையில் பாசிக்காடு உண்டு. பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

திரும்பும்போது தாப்பா சாலையில் இறங்கி, ரிங்லெட் ஏரியருகே சற்று நில்லுங்கள். மின்சாரத்திற்காக 1963-இல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி அது. காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளில் காட்டை வெட்ட வெட்ட, மழையில் மண் கரைந்து ஏரியில் படிகிறது. 2013 அக்டோபரில், பெருமழையில் அணை நீரைத் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின.

என் மாணவர்களோடு அங்கே நின்றபோது, தண்ணீர் பால் கலந்த தேநீர் போலிருந்தது.

"மேலே குடித்த டீ இதிலிருந்துதானா, சார்?" என்றான் ஒரு பையன். சிரித்துவிட்டு, வேனில் ஏறும்வரை பேசாமல் வந்தேன்.