பாதிப் பழக்கத்தின் முழுப் பலன்

புதுச்சேரியின் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த இவர், துய்ப்ளே ஆளுநராக இருந்தபோது பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளருமாக, உயர்ந்தார். 1736 முதல் 1761 வரை தமிழில் இவர் எழுதிய நாட்குறிப்பில் ஆளுநரின் பேச்சும் வரும். துணி வியாபாரிகளின் வழக்கும், கப்பல் வந்த சேதியும், நவாபு தரப்பின் நகர்வுகளும் வரும். பிரெஞ்சுக்காரரும் தமிழரும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்த ஊரில், இரு பக்கத்துச் சேதியும் வந்து சேர்ந்த இடமாக அவர் இருந்தார்.

இந்த இடத்துக்கு இருக்கும் ஆற்றலை அமெரிக்கச் சமூகவியலாளர் ரொனால்டு பர்ட் அளந்து காட்டினார். மின்னணு நிறுவனம் ஒன்றின் 673 மேலாளர்களிடம், வேலையை மேம்படுத்த யோசனை கேட்டார். யாருடைய யோசனை என்று தெரியாமலே மூத்த அதிகாரிகள் அவற்றுக்கு மதிப்பெண் இட்டார்கள். தம் குழுவுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தவர்களைவிட, வேறு வேறு குழுக்களோடு பேசியவர்களின் யோசனைகளே கூடுதல் மதிப்புப் பெற்றன. 2004இல் இந்த ஆய்வு வெளியானது. ஓரிடத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, இன்னோரிடத்தில் புதுமையாகிவிடுகிறது.

வேலை தேடுவோருக்கும் இது பொருந்தும். 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்கள் நம்மீது அக்கறை குறைந்தவர்கள் அல்லர். ஆனால் நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். பழைய வகுப்புத் தோழர், முன்பு வேலை பார்த்த இடத்துப் பக்கத்து மேசைக்காரர் போன்றவர்கள் வேறு வட்டத்தில் நடமாடுவதால் வேறு சேதியோடு வருகிறார்கள்.

2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களிடம் இதைச் சோதித்தது. ஓரளவு பழக்கமானவர்களே புதிய வேலைக்கு மிகுதியாக உதவினார்கள். மிக நெருக்கமானவர்களால் அவ்வளவு பயன் இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் ஒருவரிடம் போய்ப் பேசக் கால் தயங்குகிறது. என்ன நினைப்பாரோ என்ற அச்சம்தான். அந்த அச்சத்தையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முதலாகப் பேசிக்கொண்டவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: உங்களுக்கு அவரைப் பிடித்ததா? அவருக்கு உங்களைப் பிடித்திருக்குமா? பெரும்பாலும் இரு தரப்பாருமே, தம்மைப் பற்றி மற்றவர் நினைத்ததைக் குறைத்தே கணித்தார்கள். பேசும்போது நம் கவனம் நம் தடுமாற்றத்தின் மேல் இருக்கிறது. கேட்பவரின் கவனம் அங்கே இல்லை. ஒரே விடுதியில் சேர்ந்து வாழ்ந்த மாணவர்களிடமும் இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது.

இந்த அச்சத்தைப் போக்குவது பயிற்சிதான். உளவியலாளர் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமின் குழு, ஆய்வில் பங்கேற்றவர்களை ஒரு வாரம் நாள்தோறும் அந்நியரிடம் பேச வைத்தது. நிராகரிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு நாளுக்கு நாள் குறைந்தது. பேச்சுத் திறமைமேல் நம்பிக்கை கூடியது. ஆகவே தைரியம் வரட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வேலை கேட்டுத் தொடங்காமல், எதிரில் இருப்பவர் செய்யும் வேலையைப் பற்றி ஒரு குறிப்பான கேள்வி கேளுங்கள். மறுநாள் இரண்டு வரி எழுதி நன்றி சொல்லுங்கள். சில மாதம் கழித்து, அவருக்குப் பயன்படும் சேதி கிடைத்தால் அனுப்புங்கள். பாதிப் பழக்கம் உயிரோடு இருக்க இவ்வளவு போதும்.

ஆனந்தரங்கரின் குடும்பத்துக்குக் கம்பெனியில் செல்வாக்குள்ள உறவினர் நைனியப் பிள்ளை இருந்தார். புதுச்சேரியின் காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகத்துக்குத் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக வரும் மீனவர் வீட்டுப் பெண்ணுக்கும் நெசவாளர் வீட்டுப் பையனுக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்? அவர்கள் தயங்கித் தயங்கி எழுதும் மின்னஞ்சல், ஏற்கெனவே வேலையில் அமர்ந்த நம்மில் ஒருவருக்குத்தான் வருகிறது. அதற்குப் பதில் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. கட்டாயம் எழுதுங்கள்.