இரும்புப் பறவையின் வேலை

சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2018-லிருந்து தேஜஸ் போர் விமானங்களின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன குடும்பம் அவருடையது. அவர் மகனுக்கு ஒரு சந்தேகம்: புது விமானத்தை முதல் தடவை மேலே எடுக்கும்போது அது ஒழுங்காகப் பறக்கும் என்று எப்படித் தெரியும்? உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாரே!

இறக்கை எப்படித் தூக்குகிறது, எஞ்சின் எப்படித் தள்ளுகிறது என்பதெல்லாம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, இங்கே வேண்டாம். பையனுக்கான பதில் பெங்களூரில், இறக்கையும் தோலும் இல்லாமல் ஒரு கூடத்துக்குள் நிற்கும் இரும்புச் சட்டத்தில் இருக்கிறது. தொழிலில் அதை 'அயர்ன் பேர்ட்' என்பார்கள், இரும்புப் பறவை. ஏர்பஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் புது விமானத்துக்கு இப்படி ஒன்றைக் கட்டுகின்றன.

பார்க்க அழகாக இருக்காது. கனத்த எஃகுச் சட்டம். அதன்மேல், நிஜ விமானத்தில் எது எங்கே இருக்குமோ அங்கே அதே பாகம். பம்பு நிஜம், வால்வு நிஜம், ஒயர் நிஜம். எஞ்சின் மட்டும் கிடையாது. ஹைட்ராலிக் பம்புகளை மின்மோட்டார்கள் சுற்றுகின்றன. ஓரமாக ஒரு விமானி அறை, எதிரே திரை. விமானி கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தால் இறக்கையின் பின்விளிம்பு மடலை அசைக்கும் ஆக்சுவேட்டர் நீள்கிறது. கூடத்துக்குள் காற்று ஏது? அதனால் ஒவ்வொரு ஆக்சுவேட்டருக்கும் எதிரே இன்னொரு ஜாக்கி உட்கார்ந்திருக்கிறது. அந்த வேகத்தில், அந்த உயரத்தில் காற்று எவ்வளவு அழுத்தும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்ல, அது அவ்வளவு பலத்தோடு எதிர்த்துத் தள்ளும். இரண்டு இரும்புக் கைகள் நாள் முழுக்கப் பலம் பார்த்துக்கொண்டிருக்கும்.

குழாய்கூட அதே நீளம், அதே வளைவுகளோடு வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். காரணம் இருக்கிறது. பெரும்பாலான விமானங்களில் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. வால்வு சட்டென்று மூடினால் அந்த அதிர்ச்சி குழாய்க்குள்ளேயே திரும்பி ஓடி, அடுத்த வளைவில் மோதும். நீளம் மாறினால் அதிர்வும் மாறும். ஏர்பஸ் ஏ380-ல் எடையைக் குறைக்க அழுத்தத்தை 5,000-க்கு ஏற்றினார்கள். சிறிய குழாய், சிறிய பம்பு போதும். ஆனால் பழைய அனுபவம் மட்டும் போதாது. எல்லாவற்றையும் தரையில் மறுபடி பழகிப் பார்க்க வேண்டியிருந்தது.

தேஜஸுக்கு இது இன்னும் அவசியம். அதை வேண்டுமென்றே நிலையற்றதாகத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இக்கட்டுரையாளரின் ஊர் மாரியம்மன் திருவிழாவில் கரகம் ஆடும் அக்கா ஒருவர் ஏணிமேல் ஏறி நிற்பார். தூரத்திலிருந்து பார்த்தால் கழுத்து அசையாததுபோல் இருக்கும். கிட்டே போனால்தான் அது நூலிழை அளவுக்கு ஓயாமல் அசைந்து குடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். தேஜஸில் அந்தக் கழுத்து கம்ப்யூட்டர். மனிதக் கையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கம்ப்யூட்டர் நின்றால் விமானம் இல்லை. பதிலுக்குக் கிடைப்பது, சட்டென்று திரும்பும் சுறுசுறுப்பு.

அதனால்தான் ஒரே கணக்கை நான்கு தடங்களில் போடுகிறார்கள். ஒன்று மட்டும் வேறு விடை சொன்னால் மற்றவை சேர்ந்து அதை ஒதுக்கிவிடும். காகிதத்தில் இது சுலபம். இரும்புப் பறவையில்தான் பொறியாளர்கள் நிஜமாகவே ஒரு தடத்தின் மின்சாரத்தைப் பிடுங்குகிறார்கள், சென்சாரைப் பொய் சொல்ல வைக்கிறார்கள், எண்ணெயை வடிக்கிறார்கள். எல்லாம் விமானி தரையிறங்க முயலும் நேரம் பார்த்து.

இத்தனை பரிசோதனைக்குப் பிறகும் ஒளிந்துகொள்ளக்கூடிய விநோதம் ஒன்று உண்டு. ஆக்சுவேட்டருக்கு வேக வரம்பு இருக்கிறது. விமானி கோலைப் படபடவென்று அசைத்தால் மடல் பின்தங்கிவிடும். விமானம் அசையவில்லையே என்று அவர் இன்னும் இழுப்பார். அதற்குள் முதல் கட்டளை வந்து சேர்ந்து மூக்கு எகிறும். பதறி எதிர்ப்பக்கம் தள்ளுவார். அதுவும் தாமதமாக வந்து சேரும். திருத்தத் திருத்த ஆட்டம் பெரிதாகும். விமானியும் சரி, கம்ப்யூட்டரும் சரி, இரண்டும் சேர்ந்தால் தவறு.

1989 பிப்ரவரி 2 அன்று ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் கிரிப்பென் விமானத்தின் முதல் மாதிரி இப்படித்தான் தரையிறங்கும்போது ஆடி, ஓடுபாதையில் உருண்டது. விமானி லார்ஸ் ராடெஸ்ட்ரோம் கை முறிவோடு தப்பினார். மென்பொருளைத் திருத்தினார்கள். 1993 ஆகஸ்ட் 8, ஸ்டாக்ஹோம் நகரத் திருவிழா. கூட்டத்தின் கண்முன்னே இன்னொரு கிரிப்பென் விழுந்தது. மடலின் வேக வரம்பைத் தாண்டிய கட்டளைகள்தான் மறுபடியும் பிரச்சினை. இருக்கையில் இருந்தவர் அதே ராடெஸ்ட்ரோம்! இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பினார். கீழேயும் யாரும் உயிரிழக்கவில்லை.

பெங்களூரில் தேஜஸின் கட்டுப்பாட்டு விதிகளை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இதெல்லாம் எட்டாத சேதி அல்ல. 1996-ல் அந்த விதிகளை அமெரிக்காவில், வேறு விமானம் போல நடிக்கத் தெரிந்த ஓர் எஃப்-16-ல் ஏற்றிப் பறந்து பார்த்தார்கள். 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை, உடனே அமெரிக்காவின் தடை. அங்கே கூட்டாக வேலை பார்த்த இந்தியப் பொறியாளர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று, கருவிகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. மிச்ச வேலை பெங்களூர் இரும்புப் பறவையின் தலையில் விழுந்தது. 2001 ஜனவரி 4 அன்று விமானி ராஜீவ் கோத்தியால் தேஜஸை முதல் தடவையாக 18 நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கினார். அதன்பின் 2024 மார்ச் 12 அன்று ஜெய்சல்மேர் அருகே ஒன்று விழும்வரை, 23 ஆண்டுகள், எந்தத் தேஜஸும் விழவில்லை. 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் இன்னொன்று விழுந்து விமானி உயிரிழந்தார்.

1983-ல் ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கு இறுதிச் சான்று கிடைத்தது 2019-ல். தாமதம் தாமதம்தான்; அதற்குச் சப்பைக்கட்டு வேண்டாம். ஆனால் கேலி செய்கிறவர்கள் பரிசோதனைக்குச் செலவான ஆண்டுகளையும் சோம்பலில் கழிந்த ஆண்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். ஆயுத பூஜைக்குக்கூட மாலை விமானத்துக்குத்தான், அதைச் சோதித்த இரும்புப் பறவைக்கு அல்ல. நம் பொறியியல் கல்லூரிகளைப் பாருங்கள்: மாதிரி ஓடினால் மதிப்பெண், அது எப்போது ஓடாது என்று கண்டுபிடித்துச் சொல்லும் மாணவனுக்கு என்ன கிடைக்கிறது?

இரும்புப் பறவை எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தில் மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. வால் எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியபோது மூன்றும் சேர்ந்தே போயின. மூன்றின் குழாய்களும் வாலில் அக்கம்பக்கமாக ஓடின. 296 பேரில் 184 பேர் பிழைத்தது, எஞ்சின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்தே விமானத்தை ஓடுபாதை வரை கொண்டுவந்த விமானிகளால்.

இந்த வகைத் தவறைப் பிடிக்க வேண்டியது மேசையில்தான். எந்த அமைப்பையும் வரையத் தொடங்கும்போதே, இது நின்றால் என்ன, நிற்காமல் தப்பாக வேலை செய்தால் என்ன என்று பட்டியல் போடுவார்கள். பயணிகள் விமானத்தில், எல்லோரையும் கொல்லக்கூடிய கோளாறு நூறு கோடிப் பறப்பு மணி நேரத்துக்கு ஒரு முறைகூட எதிர்பார்க்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது அளவுகோல். போயிங் 737 மேக்ஸில் மூக்கைத் தாழ்த்தும் 'எம்கேஸ்' மென்பொருளும் இந்தப் பட்டியலில் இருந்தது. முதலில் அது வால் தட்டை 0.6 டிகிரி மட்டும் நகர்த்தும் என்றார்கள், பிறகு 2.5 டிகிரி ஆக்கினார்கள். ஆபத்துக் கணக்கை அதற்கேற்ப முழுமையாகத் திரும்பப் போடவில்லை. ஒரே ஒரு சென்சாரின் பேச்சை அது நம்பியது. விமானி சில வினாடிகளில் சுதாரித்துக்கொள்வார் என்று எழுதிவைத்திருந்தார்கள். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள், 346 உயிர்கள்.

ஆகவே மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் பட்டியலுக்கும் கூடத்துக்கும் திரும்ப வேண்டும். தேஜஸின் அடுத்த வடிவமான மார்க்-1ஏ-வுக்குப் பெங்களூரிலேயே புதிதாக ஒரு பறப்புக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் செய்தார்கள். நான்கு தடங்கள் இதிலும் உண்டு. 2024 பிப்ரவரி 19 அன்று அது முதலில் பறந்தது, பழைய தேஜஸ் ஒன்றில் பொருத்தப்பட்டு. அடுத்த மாதம் 28-ம் தேதிதான் மார்க்-1ஏ மேலே எழுந்தது.