ஞானவாசகமும் தமிழ் ஆய்வும்

காஞ்சி மாநகரை அடுத்து, வேகவதி ஆற்றங்கரைப் பக்கத்தில் அமைந்த சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். சினகாஞ்சி என்பது இதன் மற்றொரு பெயர். பல்லவன் சிம்மவர்மன் வச்சிரநந்தி என்னும் சமண முனிவரின் பள்ளிக்கு நிலம் அளித்ததைப் பள்ளன்கோயிற் செப்பேடு கூறும். அதனால் இவ்வூரின் சமணத் தொடர்பு 6ஆம் நூற்றாண்டளவிற்கு முற்பட்டுச் செல்கின்றது. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகரத் தலைவர் இருகப்பர் 1387-88இல் எடுப்பித்தார். அதன் விதானத்தில் பிற்காலத்தார் தீட்டிய ஓவியங்கள் தீர்த்தங்கரர் வரலாறுகளை நிரல்படக் கூறுகின்றன. ஓவியக் கட்டங்களின் அடியில் தமிழில் சிறு விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

முதுகலை மாணவர் சிலருடன் யாம் அங்குச் சென்றிருந்த பொழுது, ஒருவர் அண்ணாந்து நோக்கி அவ்வெழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டு, 'இவை யாருக்காக எழுதப்பட்டன?' என்று வினவினார். நல்ல வினா. புலவருக்காக அன்று என்பது வெளிப்படை. வழிபட வந்த இல்லறத்தார், கண்ணாற் கண்டதை எழுத்தால் உறுதிப்படுத்திக்கொள்ளவும், எழுத்தறியாதார்க்கு எழுத்தறிந்தார் படித்துச் சொல்லவும் அவை எழுதப்பட்டன. மணிப்பிரவாள உரைநடையில் அமைந்த சீபுராணமும் இதே பணியைச் செய்தது. மேருமந்தர புராணமோ வேறு வகையினது. நீலகேசிக்குச் 'சமய திவாகரம்' என்னும் உரை வகுத்த வாமன முனிவர் 14ஆம் நூற்றாண்டில் இயற்றிய அக்காப்பியத்தைச் சுவைக்க யாப்பும் தத்துவமும் அறிந்திருத்தல் வேண்டும். அம்முனிவரின் நினைவு இன்றும் பேசப்படும் இடம் இவ்வூர்க்கோயில். ஒரு சமயத்தாரின் இருவேறு நூல்வரிசைகள் இவை: ஒன்று நாள்தோறும் படித்து உளம் பண்படுவதற்கு, மற்றொன்று கற்றோர் அவைக்கு. எனினும் விமல தீர்த்தங்கரரின் கணதரர்களாகிய மேரு, மந்தரர் கதை முதலில் புராண மரபில் வாழ்ந்தது, பின்னரே காப்பியமாயிற்று.

இவ்வுறவு கிறித்தவத் தமிழிலும் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. கிறித்தவர்கள், சிறப்பாகக் கத்தோலிக்கர், உள்ளத்தை நம்பிக்கையில் வளர்ப்பதற்காக நாளும் சிறிது நேரம் நூல் படிப்பதனை 'ஞானவாசகம்' என்பர். நம் பல்கலைக்கழகங்களில் கிறித்தவ இலக்கியம் என்றவுடன் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் எடுக்கப்படுகின்றன. அவற்றில் கம்பனின் செல்வாக்கு எங்கெங்கு உள்ளது, நாட்டுப்படலம் எவ்வாறு அமைந்தது என்பன எழுதப்படுகின்றன. இவ்விரு காப்பியங்களையும் ஈன்ற ஞானவாசக நூல்களையோ யாரும் கையில் எடுப்பதில்லை. எம்முடைய ஆராய்ச்சி மாணவரும் பல ஆண்டுகள் இவ்வழியிலேயே சென்றனர் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் டாக்டர் உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றதை நாம் அறிவோம். அங்கு அந்நூல் புலவர் நூலாக அன்றி, முறைப்படி படித்து நிறைவு செய்து விழாக் கொண்டாடும் நூலாக இருந்தது. அம்மரபினரிடம் பாடங்கேட்டதனாலேயே 1887இல் வந்த பதிப்பு செம்மையுற்றது. காப்பியத்தின் திறவுகோல் வழிபாட்டாரின் கையில் இருந்தது. கிறித்தவத் தமிழுக்கு நாம் இவ்வாறு செய்யவில்லை.

இவ்வரிசையில் முதலில் கற்கத்தக்கவை என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் நூல்கள். போர்த்துக்கேசியராகிய இவர் முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு வாழ்ந்து 1600இல் மறைந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே உடையது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்பதால் எல்லாரும் பெயரளவில் அறிவர். அதனினும் சிறந்தது 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு'. திருச்சபையின் தூயோர் வரலாறுகளை அறுநூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் கூறும் இந்நூல், பரதவர் பேசிய தமிழைத் தன் உரைநடைக்கு அடிப்படையாகக் கொண்டது. அச்சுப்பணிக்குப் பரதவர் பொருளுதவியும் புரிந்தனர். சேவியர் தனிநாயக அடிகளார் 1950களில் இவ்வச்சு நூல்களை உலகறியச் செய்தார். இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் 'அடியார் வரலாற்றை'த் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாகப் பதிப்பித்தார். அதனைப் படிக்கும் மாணவர் முதலில் இடர்ப்படுவர். புணர்ச்சி இலக்கணம் நெகிழ்ந்திருக்கும். போர்த்துக்கேசியச் சொற்கள் இடையிடையே நிற்கும். பத்துப் பக்கம் வாய்விட்டுப் படித்தால் அவ்விடர் நீங்கும். கண்ணுக்குத் தடையாக நிற்கும் தொடர் செவிக்குத் தெளிவாக இருப்பதே அந்நடையின் இயல்பு.

இங்கு இடைப்பிறவரலாக ஒன்று கூறுவோம். இறைவனைக் குறிக்கும் சொல்லை மட்டும் பின்தொடர்ந்தாலே இவ்விலக்கியத்தின் காலப்பகுப்பு ஒருவாறு விளங்கும். என்றீக்கசு 'தம்பிரான்' என்றார். தத்துவபோதகராகிய இராபர்ட்டு தெ நோபிலி 'சருவேசுரன்' என்னும் வடசொல்லை ஆண்டார். கத்தோலிக்கர் அதனை நெடுங்காலம் போற்றினர். சீர்திருத்தச் சபையினருள் பப்ரிசியசு 'பராபரன்' என மொழிபெயர்த்தார். 1871ஆம் ஆண்டு விவிலியம் 'தேவன்' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'கடவுள்' நிற்கின்றது. ஒரு சொல் மாறும்பொழுது அதனைச் சொல்லி வேண்டிக்கொண்டவரின் நெஞ்சம் எவ்வளவு அல்லலுற்றிருக்கும் என்பதை மொழியியலார் மட்டுமன்றி இலக்கிய மாணவரும் எண்ணுதல் வேண்டும். பாட்டி சருவேசுரனை வேண்ட, பெயர்த்தி கடவுளை வேண்டும் இல்லங்களை யாமே அறிவோம்.

நோபிலியின் 'ஞானோபதேசம்' அறிவாராய்ச்சிக்கு ஏற்றது. நாள்தோறும் படித்து உளம் தோய்வதற்கு ஏற்றது அன்று என்பது எம் துணிபு. வாதம் மிகுதி, வடசொற் செறிவும் மிகுதி. வீரமாமுனிவரிடம் வரும்பொழுது நிலை மாறுகின்றது. தேம்பாவணி 1726இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டே அவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். ஊர்தோறும் மறைபோதித்த உபதேசியார்களுக்கு அவர்தம் கடமையையும் அகத்தூய்மையையும் உணர்த்தும் உரைநடை நூல் அது. 3615 விருத்தங்களில் கற்பனையின் உச்சியில் நின்ற கை, அடுத்த ஆண்டில் அணியனைத்தையும் களைந்து, கால்நடையாக ஊர் சுற்றும் ஊழியனை நேரில் இருத்திப் பேசுகின்றது. இவ்விரு நடைகளையும் ஒருங்கு வைத்து நோக்காமல் வீரமாமுனிவரின் தமிழை மதிப்பிடுதல் எவ்வாறு இயலும்? பெண்டிர் பாடுதற்குரிய அம்மானை வடிவில் கித்தேரியம்மாள் வரலாற்றையும் அவரே பாடினார் என்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இனித் தேம்பாவணியின் தோற்றுவாயை நோக்குவோம். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அக்கதைக்கு, இசுப்பானியத் துறவி ஆகிர்த மரியாள் எழுதிய தேவ நகரம் பற்றிய நூல் முதலாக அமைந்தது. அது காப்பியம் அன்று. மடங்களிலும் இல்லங்களிலும் பக்தியுடன் படிக்கப்பட்ட ஞானவாசக நூல். விவிலியத்தில் சில வரிகளே பெற்ற சூசையப்பருக்கு இத்துணைப் பெரிய வாழ்வு எங்கிருந்து வந்தது என்று மயங்கும் மாணவர்க்கு இதுவே விடை. தேம்பாவணி 1851இல் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கும் வரை ஏட்டிலேயே வழங்கியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஈழத்துக்குச் செல்வோம். கோவாவிற் பிறந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகளார் (1676-1742) ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில் இலங்கையில் உழைத்தவர். சிங்களத்திலும் தமிழிலும் நூல் யாத்தவர். குருமார் அரிதாகவே வந்து போகும் ஊர்களில், வேதாகமத்தைக் கையில் ஏந்திய மாற்றுச் சபையாரும் எதிரில் நிற்க, மக்களின் நம்பிக்கையைத் தாங்கியவை பெரிதும் நூல்களே. அவர் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளையும் மரியன்னையின் துயரையும் கூறும் உரைநடை நூல். தவக்காலத்தில் அதனை ஒருவர் படிக்க மற்றையோர் கேட்பர். படிப்பு என்பது பொருந்தாது. ஒப்பாரியின் இழுவையோடு அது ஓதப்படுகின்றது. உரைநடை இசையாகும் இவ்விடம் தமிழ் யாப்பியலார் இன்னும் நின்று நோக்காத இடம். தொடரின் எப்பகுதியில் குரல் உயர்கின்றது, எங்கு மூச்சு விடப்படுகின்றது, அடுக்குத் தொடர்கள் எவ்வாறு அழுகையைப் பெருக்குகின்றன என்பனவற்றை ஒலிப்பதிவு செய்து ஆராயின், உரைப்பாட்டு மடை பற்றி நாம் சிலப்பதிகாரத்தைக் கொண்டு கூறிவரும் சிலவற்றுக்கு உயிருள்ள ஒப்புமை கிடைக்கலாம். அந்நூலைப் பழைய முறையில் ஓத வல்லவர் முதியோராக இருப்பதனால் இப்பணியை ஒத்திப்போடுதல் இயலாது.

மொழிபெயர்ப்புகளைச் சுருங்கக் கூறுவோம். தாமசு கெம்பிசு என்னும் துறவியின் பெயரால் வழங்கும் நான்கு பாக நூல் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' எனத் தமிழில் வழங்குகின்றது. அதில் கதை இல்லை, வருணனை இல்லை. நாள் ஒன்றுக்கு ஓர் அதிகாரத்திற்கு மேல் படிப்பவர் அதனைப் படிக்கத் தெரியாதவர் என்றே சொல்வோம். நாலடியாரைப் பயில்வது போன்று அதனைப் பயில வேண்டும்.

சான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' வேறு வகையில் வாழ்ந்தது. ஆங்கிலத்தில் 1678இல் வெளிவந்த அந்நூலின் தமிழ் உரைநடை பெயர்ப்புகள் தென்பாண்டிச் சீமைக் கிறித்தவ இல்லங்களில் விவிலியத்திற்கு அடுத்த இடத்தைப் பெற்றிருந்தன. அவற்றைப் படித்துத் தோய்ந்த சூழலிலேயே எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900) வாழ்ந்தார். வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பனையும் ஆழ்வார்களையும் இளமையிலேயே கற்று, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' ஐந்து பருவங்களையும் மூவாயிரத்தெழுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களையும் உடையது. ஆய்வாளர் அதன் காப்பியப் பகுதியைப் பிரித்துப் பிரித்து ஆராய, கிறித்தவப் பொதுமக்கள் எடுத்துக்கொண்டதோ அதன் இடையிடையே வரும் தேவாரப் பதிகங்களை. அவர்தம் தேர்வு பிழையன்று. பயணக் கதை நின்று, பயணியின் நெஞ்சு தானே பேசும் இடங்கள் அவை. அவர் பின்னர் எழுதிய 'இரட்சணிய மனோகரம்' முழுவதும் அந்நெஞ்சின் குரலே. கதையைக் கற்பிக்கும் நாம் மனோகரத்தைப் பாடத்தில் வைக்க ஏனோ தயங்குகின்றோம். தஞ்சை வேதநாயக சாத்திரியாருக்கும் (1774-1864) இதுவே நேர்ந்தது. 'பெத்லகேம் குறவஞ்சி' சிற்றிலக்கியமாதலின் கற்பிக்கப்படுகின்றது. அவர் மன்றாட்டுப் பாடல்களோ கோயிலோடு நின்றுவிட்டன.

'இந்நூல்களுக்கு இலக்கியத் தகுதி உண்டோ? பிழை மலிந்தனவும் பெயர்ப்புகளும் அல்லவோ இவை?' என அறிஞர் சிலர் வினவுவர். பிழை உண்டு, மறுக்கவில்லை. சில பெயர்ப்புகளில் தமிழ்த் தொடர் முறிந்து கிடப்பதும் உண்மை. அவற்றைச் செவ்விலக்கியத்தோடு சமன்செய்ய யாம் முயலவில்லை. ஒரு நூல் எதற்காக எழுந்ததோ அதனைக் கொண்டே முதற்கண் அதனை அளத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். களைத்து வந்தவர் விளக்கடியில் அமர்ந்து அரைப்பக்கம் படித்து அதனை மனத்தில் இருத்துவதற்கு எழுந்த தொடரில் நீண்ட எச்சங்கள் குறைவாக இருப்பதும், விளி மிகுதியாக இருப்பதும், முன் சொன்னதே மீண்டும் வருவதும் குறைகள் அல்ல. கிறித்தவ மாணவரிடமும் ஒரு குறை உண்டு: தம் இல்லத்துப் பெட்டியில் கிடக்கும் நூலை ஆய்வுக்கு உரியதாகவே அவர் கருதுவதில்லை. பிறசமய மாணவரோ, நம்பிக்கை நூல் நமக்கு எதற்கு என ஒதுங்குகின்றார். திருவாசகத்தைப் போப்பையர் படித்து 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபொழுது இவ்வாறு ஒதுங்கவில்லை.

எம்மிடம் வழி கேட்கும் மாணவர்க்குக் கால வரிசையில் படிக்குமாறு யாம் கூறுவதில்லை. முதலில் விவிலியத்தின் சங்கீதங்களையும் ஏதேனும் ஒரு நற்செய்தியையும் 1871, 1995ஆம் ஆண்டுப் பெயர்ப்புகள் இரண்டிலும் வாய்விட்டுப் படிக்கச் சொல்கின்றோம். அடுத்து வேதியர் ஒழுக்கம், அதன்பின் மனோகரம். செவி பழகிய பின் அடியார் வரலாறு. வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஓதுமிடம் தேடிச் சென்று கேட்ட பிறகே அச்சில் பார்க்க வேண்டும். தேம்பாவணிக்கும் யாத்திரிகத்திற்கும் இவற்றுக்குப் பின்னரே வருக என்கின்றோம். சென்ற ஆண்டு இவ்வழியில் வந்த ஒருவர், தேம்பாவணியின் வளனைக் கம்பனின் இராமனோடு ஒப்பிடும் தம் முதல் இயலைத் தாமே நீக்கிவிட்டு, வேதியர் ஒழுக்கத்தின் விளித்தொடர்களைத் தொகுக்கத் தொடங்கியுள்ளார்.