மின்னஞ்சலில் ஆங்கில மரியாதை: பொருள் அறிந்து எழுதுவோம்



முன்பெல்லாம் வடநாட்டு மில்லுக்கு ஆங்கிலத்தில் கடிதம் போக வேண்டுமென்றால் தரகரைப் பிடிப்போம். இன்று கடையில் உட்கார்ந்தபடியே மின்னஞ்சல் அனுப்புகிறோம். மரியாதைக்காக வழக்கமான சில ஆங்கில வாசகங்களையும் சேர்த்துவிடுகிறோம். அவற்றில் சில நம் கல்லாவில் கை வைப்பவை என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வடநாட்டு மில்லிலிருந்து துவரம் பருப்பு வந்தது. கடை வரை சேர்ப்பது மில்லின் பொறுப்பு. மாலையில் லாரி வந்து நின்றதுமே எங்கள் கணக்குப்பிள்ளை வழக்கம்போல், ‘ரிசீவ்ட் இன் குட் கண்டிஷன், தேங்கிங் யூ’ என்று அனுப்பிவிட்டார். மறுநாள் இறக்கிப் பார்த்தால் அடிவரிசையில் 22 மூட்டைகள் நனைந்திருந்தன. நஷ்டத்தைக் கழிக்கும்படி கேட்டேன். மில்காரர் நம் கடிதத்தையே திருப்பி அனுப்பினார். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்’ என்று எழுதியது நாம்தானே! பேசிப் பேசிப் பாதி நஷ்டம் என் தலையில் விழுந்தது.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 42-ஆம் பிரிவைப் பாருங்கள். சரக்கை ஏற்றுக்கொண்டோம் என்று விற்றவருக்குத் தெரிவித்துவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தாலும் அப்படியே. ஆகவே லாரி வந்ததும் ‘ரிசீவ்ட், சப்ஜெக்ட் டு இன்ஸ்பெக்ஷன்’ என்று எழுதினால் போதும். பிரித்துப் பார்ப்பதற்கு உட்பட்டுப் பெற்றோம் என்று பொருள். இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பிரித்துப் பார்த்து, குறை இருந்தால் லாரி ரசீது எண், மூட்டைக் கணக்கு, படம் ஆகியவற்றுடன் தாமதிக்காமல் எழுதவும்.

பாக்கி கேட்கும்போது நம்மில் பலர் ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று எழுதுகிறோம். ‘சீக்கிரம் அனுப்பு’ என்பதாக நினைப்பு. உங்களுக்குத் தோதுப்படும்போது என்பதுதான் அதன் பொருள். பாக்கிக்காரருக்கு என்றைக்குத் தோதுப்பட்டிருக்கிறது? பில் எண், தொகை, தேதி மூன்றையும் போட்டு, ‘வீ ரிக்வெஸ்ட் பேமென்ட் பை’ என்று இன்ன தேதிக்குள் கேட்பதும் மரியாதைதான். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்பதும் அப்படியே. என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதே இல்லை.

இன்னொன்று. விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 3 ஆண்டு தருகிறது. அதற்குள் கடன்காரர் கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். மின்னஞ்சலையும் வழக்கில் சான்றாக வைக்கலாம். எனவே ‘பணம் தாமதமானதற்கு வருந்துகிறோம்’ என்று பாக்கிக்காரர் ஆங்கிலத்தில் எழுதினால் அதை அழித்துவிடாதீர்கள். நமக்கும் ஒரு மில்லுக்கும் கணக்கில் தகராறு இருக்கும்போது அதே வாசகத்தை மரியாதைக்காக நாம் எழுதிவிடவும் கூடாது.

இப்போது எங்கள் கடையில் மூட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகே ‘குட் கண்டிஷன்’ போகிறது. கணக்குப்பிள்ளை ‘தேங்கிங் யூ’வை மட்டும் விடவில்லை, நானும் தடுக்கவில்லை.