முதல் மோட்டார் சைக்கிள்: ஓட்டத்தைப் பார்ப்பதா, நிறுத்தத்தைப் பார்ப்பதா?

கோவை மாவட்டத்தில் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. டி. நாயுடு. இளம் பருவத்தில் ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை; வண்டி ஓடுகிறது! அந்தக் காட்சி அவரை விடவில்லை. கோவைக்கு வந்தார், ஓர் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார், மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊரைச் சுற்றியதோடு நிற்கவில்லை. வண்டியை அக்கக்காகக் கழற்றிப் போட்டார், மறுபடியும் பூட்டினார். எது எதை இயக்குகிறது என்று தெரிந்துகொண்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கிய அவருடைய பெயரைத்தான், 2025 அக்டோபரில் அவினாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. நீள மேம்பாலத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இன்று முதல் வண்டி வாங்கப் போகும் இளைஞர் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன் மனத்தளவிலாவது ஒரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

பதினெட்டு வயது நிரம்பி, பழகுநர் உரிமம் எடுத்து, முப்பது நாள் கழித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ‘எட்டு’ போட்டுக் காட்டினால், கியர் வண்டி ஓட்ட உரிமம் கிடைக்கிறது. காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போடுவது எளிதன்று. சமநிலை, கிளட்ச்சைப் பிடித்து விடும் பக்குவம், கைப்பிடியைத் திருப்பும் நிதானம் ஆகியவற்றை அது சோதிக்கிறது. ஆனால் அந்தச் சோதனை நடப்பது முதல் கியரில், ஏறக்குறைய மனிதன் நடக்கும் வேகத்தில். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது குறுக்கே நாய் ஓடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. மேலும், 100 க.செ.மீ. வண்டியில் எட்டுப் போட்டவர் மறுநாளே 350 க.செ.மீ. வண்டியில் ஏறிப் போகலாம், சட்டம் தடுக்காது. பிரிட்டனில் அப்படியில்லை. அங்கே பதினேழு வயதினருக்கு 125 க.செ.மீ. வரைதான்; பத்தொன்பது வயதில் 35 கிலோவாட் வரை; எல்லையில்லாத வண்டிகள் அதற்கும் பிறகுதான். அங்கே சட்டம் போடும் வரம்பை இங்கே வாங்குபவரும் அவர் வீட்டாரும்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

க.செ.மீ. என்னும் மயக்கம்

கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘எத்தனை சி.சி.?’ என்பது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது ஒதுக்கும் இடத்தின் கனஅளவே அது. பானை எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லும்; சோறு எவ்வளவு வேகமாக வேகிறது என்பதைச் சொல்லாது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட 350 க.செ.மீ. புல்லட்டின் திறன் 18 குதிரைத் திறன். இப்போது வரும் 155 க.செ.மீ. யமஹா ஆர்15 வண்டியின் திறனும் ஏறத்தாழ அதுவே. பானை பாதி, திறன் ஒன்று! 1985 முதல் 1996 வரை இந்தியாவில் விற்ற யமஹா ஆர்.எக்ஸ். 100, வெறும் 98 க.செ.மீ. எஞ்சினிலிருந்து 11 குதிரைத் திறனைத் தந்தது. அது இரண்டு வீச்சு எஞ்சின் ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் எரிந்து உதைத்தது.

சரி, நமக்கு எத்தனை குதிரைத் திறன் வேண்டும்? ஆளும் வண்டியுமாக 200 கிலோ என்று கொள்வோம். சமதரையில் 50 கி.மீ. வேகத்தில் போவதற்கு டயரின் உருளல் தடையையும் காற்றின் தடையையும் வெல்ல வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டு குதிரைத் திறன்கூட வருவதில்லை! அதே வண்டி 100 கி.மீ. வேகத்தில் போக ஏறத்தாழ பத்துக் குதிரைத் திறன் வேண்டும். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்காகிறது. நகரத்துக்குள் 100 க.செ.மீ. வண்டி தரும் எட்டுக் குதிரைத் திறன் தாராளம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

பொள்ளாச்சியிலிருந்து கோவைக் கல்லூரி ஒன்றுக்குத் தினமும் வந்து போகும் மாணவர் ஒருவரை எடுத்துக் கொள்வோம். போக 40, வர 40, ஆக 80 கி.மீ. லிட்டருக்கு 60 கி.மீ. தரும் சிறு வண்டியென்றால் மாதம் 25 நாளுக்கு 33 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 35 தரும் பெரிய வண்டியென்றால் 57 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,400 ரூபாய் வித்தியாசம். இந்தக் கணக்கை வீட்டில் அப்பா தாமாகவே போட்டுவிடுவார். அவரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

நிற்பதற்கு எவ்வளவு தூரம்?

ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். இது பள்ளிப் பாடம். 200 கிலோ நிறை 30 கி.மீ. வேகத்தில் சுமார் 7,000 ஜூல் ஆற்றலைக் கொண்டிருக்கும், 60 கி.மீ. வேகத்தில் சுமார் 28,000 ஜூல். வண்டி நிற்க வேண்டுமானால் இத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும்.

எதிரே இடையூறு தெரிகிறது. கண் பார்த்து, மூளை அறிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடிக்குள் வண்டி 17 மீட்டர் போய்விடும். பிறகு உலர்ந்த தார்ச் சாலையில் நல்ல பிரேக் பிடித்தாலும் இன்னும் 23 மீட்டர். மொத்தம் 40 மீட்டர். நம் மாணவர் கிணத்துக்கடவு அருகே 80 கி.மீ. வேகத்தில் வந்தால்? யோசிக்கும் வினாடியில் 22 மீட்டர், பிரேக்கில் 41 மீட்டர், ஆக 63 மீட்டர்.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 60இல், மற்றது 80இல். இருவரும் ஒரே நேரத்தில் இடையூறைப் பார்க்கிறார்கள். 60இல் வந்தவர் 40ஆவது மீட்டரில் நின்றுவிடுகிறார். அதே இடத்தைக் கடக்கும்போது மற்றவருடைய வேகம் எவ்வளவு இருக்கும்? இருபது என்று பலர் சொல்வார்கள். கணக்குச் சொல்லும் விடை, மணிக்கு 60 கி.மீ.! முதலாமவர் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாமவர், முதலாமவர் பிரேக் பிடிக்குமுன் வந்த வேகத்தோடு மோதுகிறார்.

ஆகவே கடைக்காரரிடம் ‘எத்தனை வேகம் போகும்?’ என்பதை விட்டுவிட்டு, ‘எப்படி நிற்கும்?’ என்று கேளுங்கள். ‘முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்’ என்று நம் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. பேருந்து நிற்கும்போது நாம் முன்னே சாய்வது போல. பலமாகப் பிடிக்கையில் வண்டியின் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு முன் சக்கரத்தின் மேல் இருக்கும். எந்தச் சக்கரத்தின் மேல் பாரம் இருக்கிறதோ அதற்குத்தான் தரையில் பிடிப்பும் இருக்கும். காலால் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர், கிடைக்கக்கூடிய நிறுத்து விசையில் பெரும் பகுதியை வீணாக்குகிறார். பின் சக்கரம் கட்டிக்கொண்டு வழுக்குவதும் அதனால்தான்.

பெரியவர்கள் சொன்னதில் உண்மையான பாதி எது? முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால், பாரம் முன்னே வருவதற்குள் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போதோ மணல் படிந்த இடத்திலோ அப்படி நடந்தால் விழ வேண்டியதுதான். எலுமிச்சம்பழம் பிழிவது போலப் படிப்படியாக அழுத்த வேண்டும். இதைப் புதியவர் பதற்றத்தில் செய்யமாட்டார் என்பதனாலேயே ஏ.பி.எஸ். வந்தது. சக்கரத்தோடு சுழலும் பல் வளையம் ஒன்றை உணர்கருவி எண்ணிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் திடீரென்று நிற்கப் போகிறது என்று கண்டால் ஒரு வால்வு பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை நொடிக்குள் பல முறை தளர்த்தி, மறுபடி இறுக்குகிறது. சி.பி.எஸ். அதைவிட எளிய ஏற்பாடு. பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். 2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில் 125 க.செ.மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ்., அதற்கு உட்பட்டவற்றுக்குக் குறைந்தது சி.பி.எஸ். என்று விதி வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இரண்டும் இருக்காது. பழைய வண்டி வாங்குவோர் ஆண்டைப் பார்க்க வேண்டியது விலைக்காக மட்டுமன்று.

மாணவர் நெடுஞ்சாலையில் தினம் 80 கி.மீ. போவதானால், 350க்கு ஆசைப்படுவதைவிட, முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ்ஸும் உள்ள 150 க.செ.மீ. அளவிலான வண்டியே தகும் என்பது என் கருத்து. காந்திபுரம், உக்கடம் என்று நகருக்குள்ளேயே சுற்றுபவருக்கு 100 அல்லது 125 போதும். வேகத்தின் சுவையை அறிந்தே தீருவேன் என்பவருக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே எதிரில் செங்கல் லாரி வராது.

தாங்க முடியுமா?

வண்டி ஓடும்போது தன் சமநிலையைத் தானே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். விழுவதெல்லாம் நிற்கும்போதும், நின்று திரும்பும்போதும்தான். 110 கிலோ வண்டி 15 பாகை சாய்ந்தால், கைப்பிடியில் ஏறத்தாழ 16 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்துத் தாங்க வேண்டும். 190 கிலோ வண்டியென்றால் 27 கிலோ. சாய்வு 30 பாகையானால் இவை முறையே 30, 50 என்று ஆகும். பெரிய வண்டி சாயத் தொடங்கிய பின் யாராலும் தாங்க முடிவதில்லை என்பதன் காரணம் இதுவே. கடையில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதங்களும் தரையில் பதிகின்றனவா? ஸ்டாண்டிலிருந்து இறக்கி, எஞ்சினை இயக்காமல் பின்னோக்கித் தள்ள முடிகிறதா? முடியவில்லையென்றால் அந்த வண்டி இன்னும் உங்களுக்கானதன்று.

மாணவியர் பலர் கியர் இல்லாத ஸ்கூட்டரையே தேர்கின்றனர். நகருக்கு அது நல்ல வண்டி. ஆனால் அதன் சக்கரம் சிறியது. 17 அங்குலச் சக்கரம் தாண்டிவிடும் குழியில் 10 அங்குலச் சக்கரம் இறங்கி இடித்துக்கொள்ளும்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு சோதனைகள் உள்ளன. ஒன்று காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைத்தொடரின் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றால்தான். 30 கி.மீ. வேக எதிர்காற்றில் பாலக்காடு நோக்கி 50இல் போனால், எஞ்சினுக்கு 80இல் போவது போன்ற காற்றுத் தடை. வேண்டிய திறன் ஏறக்குறைய இரட்டித்துவிடும். ஆடியில் மட்டும் மைலேஜ் குறைகிறதே என்று மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம். பக்கக் காற்றோ வேறு வகை. எடை குறைந்த வண்டியை அது சாலையின் குறுக்கே நகர்த்தும். லாரியைக் கடந்த கணத்தில் தள்ளுதல் திடீரென்று திரும்ப வரும்.

மற்றது மலை. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 326 மீட்டரில். ஏறுவதற்குச் சிறு வண்டியும் போதும். கீழ்க் கியரில் முக்கிக்கொண்டாவது ஏறிவிடும். உதகைக்குப் போய்விட்டால் காற்றின் அடர்த்தி கோவையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாதலால் எஞ்சினும் அந்த அளவு சோர்ந்து போகும். இறங்குவதுதான் ஆபத்து. இருவரும் வண்டியுமாக 270 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 40 லட்சம் ஜூல். ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். 60 கி.மீ. வேகத்திலிருந்து நூறு தடவை நிறுத்தும் வெப்பம் அது. அத்தனையையும் பிரேக்கின் தலையில் கட்டினால் பிரேக் கருகிப் பிடிப்பை இழக்கும். இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் வைத்து எஞ்சினையே இழுத்துப் பிடிக்க வைக்க வேண்டும். கியர் இல்லாத வண்டிகளில் இந்த உதவி குறைவு. வேகம் மிகக் குறையும்போது அவற்றின் கிளட்ச் தானே விடுபட்டுவிடும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளை வார விடுமுறைதோறும் நாடுபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதை நான் குறைவாக நினைப்பதில்லை. முதல் வண்டி கீழே விழத்தான் போகிறது. புதிதாக இருந்தால் மனம் அதிகம் நோகும். புகை நீல நிறமாக வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். பின்னால் நின்று பாருங்கள். இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் இல்லையென்றால் வண்டி எங்கோ அடிபட்டது. ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் பளபளவென்று இருந்தாலும், பல ஆண்டு வெயிலில் கிடந்த ரப்பர் கெட்டியாகித் தரையைப் பற்றும் தன்மையை இழந்திருக்கும். மேலே போட்ட 40 மீட்டர், 63 மீட்டர் கணக்கெல்லாம் நல்ல டயருக்கு.

வண்டி விலையை முடிவு செய்யும்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட தலைக்கவசம் இரண்டின் விலையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டாவது, பின்னால் உட்காருபவருக்கு. வண்டி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத திடல் ஒன்றுக்குப் போங்கள். தரையில் ஒரு கோடு கிழித்து, முதலில் 20இலும் பிறகு 30இலும் வந்து, அந்தக் கோட்டில் பிரேக் பிடித்து, எங்கே நிற்கிறீர்கள் என்று காலடியால் அளந்து எழுதி வையுங்கள்.